காம்பின் நிறம்

‘தூரமெல்லாம் செத்துப்போச்சு, கோடிபென்.’
மஸ்ஜித் பந்தர் மூன்றாம் மாடியில்
கேதன்பாய் தினம் ஒருமுறை சொல்வார்.
பொற்கொடி அவர் நாவில் நிற்காமல்
கோடிபென் ஆனேன்.
கோடி அவருக்குப் பணம்.
எனக்கு, தெருவின் கடைசி.

நான் மறுத்துப் பேசியதில்லை.
பதினோரு வருடமாக என் படிவத்தில்
தூரம் என்பது இரண்டு கட்டம்:
ஏற்றும் துறைமுகம், இறக்கும் துறைமுகம்.
நடுவில் ஒரு கோடு.
கடல் முழுக்க அந்தக் கோட்டுக்குள்
சத்தமில்லாமல் கிடந்தது.

ஜனவரியில் ஒரு பெட்டி.
நாற்பது அடி, குளிரூட்டியது,
நிஃபாடிலிருந்து பச்சைத் திராட்சை
ரோட்டர்டாமுக்கு.
நவசேவா வாயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்
ராம்சுரத்தின் லாரி நின்றது.
பத்தொன்பது மணி நேரம்.
டீசல், காத்திருப்புக் கூலி,
ரசீது தராத இரண்டு கைகள்.
கூட்டிப் பார்த்தேன்:
அந்தக் காசில் பெட்டியைக் கடல்மேல்
இருநூறு மைல் தள்ளியிருக்கலாம்.
தண்ணீர் மலிவு.
கரைதான் கழுத்தைப் பிடிக்கிறது.

சுவரில் ஒரு வரைபடம், ஏதோ கப்பல் கம்பெனி கொடுத்தது.
பம்பாயில் கட்டைவிரலை ஊன்றினால்
நகம் கராச்சியைத் தொடும்.
நகத்தளவு தூரத்துக்கு
எங்கள் கட்டணப் பட்டியலில் வரியே இல்லை.
போயே ஆகவேண்டிய சரக்கு
துபாய் போய், கோணி மாற்றி, பெயர் மாற்றிப்
போகும் என்பார்கள்.
நான் பார்த்ததில்லை.
பார்த்திருந்தாலும் சொல்லப்போவதில்லை.

கப்பல் புறப்பட்ட ஐந்தாம் நாள் ஒரு வரி வந்தது:
செங்கடல் வழி இல்லை, ஆப்பிரிக்காவைச் சுற்றும்.
கூடுதலாகப் பதினான்கு நாள்.
கேதன்பாய் வரைபடத்தின் முன் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
‘இது எதுக்கு இவ்வளவு பெருசா இருக்கு?’
என்னைத்தான் கேட்டார்.

அதன்பின் திரையில் ஒரு நீல அம்பு.
காலையில் வடாலாவில் ரயிலேறும்போது பார்ப்பேன்,
மாலையில் இறங்கும்போது பார்ப்பேன்.
அம்பு அசைந்த மாதிரியே இருக்காது.
இரண்டு நாளுக்கொருமுறை பாவுசாகேப் கூப்பிடுவார்,
தோட்டத்து மோட்டார் சத்தத்தோடு.
‘அங்கே வெயிலா?’
பெட்டிக்குள் வெயில் கிடையாது என்றேன்.
‘அப்போ ராத்திரியா?’
ஆமாம்.
‘எத்தனை நாளா?’
இருபத்தாறு.
மோட்டாரை நிறுத்திவிட்டார்.

அதே வாரம் கேப்டவுனில்
அவர்கள் தோட்டத்துத் திராட்சையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
அதே ரோட்டர்டாமுக்கு.
நம் பெட்டி அந்தத் துறைமுகத்தை
இரவில் கடந்தது,
பாதி வயதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு.
அங்கே ஏறுவது நேற்றுப் பறித்தது.

மாரைக்கே படம் அனுப்பினாள், அளவுகோலோடு.
இனிப்பு சரி. பருமன் சரி. அழுகல் இல்லை.
காம்பு பழுப்பு.
பழம் எதுவும் சொல்லவில்லை,
காம்புதான் காட்டிக்கொடுத்தது.
கிலோவுக்கு நாற்பது சென்ட் குறைத்தாள்,
மன்னிப்பும் கேட்டாள்.
இழப்பீட்டுப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தது:
வெப்பநிலை, பொதி, கையாளுதல், மற்றவை.
தூரத்துக்குக் கட்டம் இல்லை.
‘மற்றவை’யில் குறியிட்டேன்.

கேதன்பாய் அன்று அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.
பாவுசாகேப்பிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது.
எண்ணைப் போட்டேன், எடுத்தார்,
ரோட்டர்டாமில் நல்ல குளிர் என்றேன் முதலில்.

எட்டு மணிக்கு ஸ்டேஷன் படிக்கட்டடியில்
திராட்சை கூவிக்கொண்டிருந்தான் ஒருவன்.
‘எக்ஸ்போர்ட் குவாலிட்டி, எக்ஸ்போர்ட்!’
கால் கிலோ வாங்கினேன்.
கொத்தைத் திருப்பி முதலில் காம்பைப் பார்த்தேன்.
பச்சை. அப்படியொரு பச்சை.
காட்டன் கிரீன் வரும்வரை
நின்றுகொண்டே தின்றேன்.

புளித்தது.